பிடிலுக்கு வீணையின் சுருதி தந்தவர்

எட்டயபுரம் என்றால் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மகாகவி பாரதி. இசையறிந்தோர்க்கு அடுத்து நினைவுக்கு வருபவர் முத்துசுவாமி தீட்சிதர். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவர் மறைந்தது இவ்வூரில்தான். அவருடைய நினைவிடமும் இங்கேயே இருக்கிறது. இந்த இரு பெரும் பெயர்களின் நிழலில் மூன்றாவது பெயர் ஒன்று ஒதுங்கி நிற்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானுமாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1859) அவர்.

கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்த வரி பிழையன்று, ஆனால் போதாது. வயலினைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர்கள். கோட்டைகளிலும் தேவாலயங்களிலும் அதை அவர்கள் தங்கள் இசைக்காகவே வாசித்தார்கள். பொருள் ஒன்று ஊருக்குள் வருவதும், அது ஊருக்குப் பயன்படும் பொருளாவதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியைக் கடந்த மனிதர் என்பதே பாலுசுவாமியின் சிறப்பு. அவர் அதைக் கடந்த விதம் நுட்பமானது. ஆனால் இசை இலக்கணம் அறியாதவரும் புரிந்துகொள்ளக் கூடியது.

முதலில் அவருடைய வாழ்க்கை. தந்தை இராமசுவாமி தீட்சிதர் (1735 - 1817), அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர், திருவாரூரில் வாழ்ந்தவர். மூத்த மகன் முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, அவருக்குப் பின் பாலுசுவாமி. சென்னைக்கு வடக்கே உள்ள மணலியின் முத்துகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். முதலியார் கும்பினியின் துபாஷ். இரு மொழி அறிந்து இரு தரப்புக்கும் நடுவே நின்று வணிகம் நடத்துவது துபாஷின் தொழில். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் பெரும் பொருள் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. கோயிலுக்கும் புலவருக்கும் இசைவாணருக்கும் அப்பொருளில் ஒரு பங்கு சென்றது. தஞ்சை மன்னர்கள் 1799-இல் ஆட்சியதிகாரத்தைக் கும்பினியிடம் இழந்த காலத்தில், கலையைத் தாங்கும் பொறுப்பு இத்தகைய புதிய செல்வர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவருடைய மகன் சின்னையா முதலியார் இக்குடும்பத்தை ஆதரித்தார். அவர் தீட்சிதர் குடும்பத்தினரைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று அங்கே ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கச் செய்தார் என்பது குடும்ப வரலாறு. அந்த இசையில் பாலுசுவாமிக்கு ஏற்பட்ட ஈர்ப்பைக் கண்டு, ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி மூன்று ஆண்டுகள் அவருக்குப் பிடில் கற்பிக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. பொருளியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு இவ்விடத்தில் கண் நிற்கிறது. உடனடி ஆதாயம் எதுவும் இல்லாத, பயன் தருமா என்பதே தெரியாத ஒரு பயிற்சிக்கு மூன்று ஆண்டு ஊதியம் கொடுத்திருக்கிறார் ஒரு வணிகர். இன்று இதை ஆராய்ச்சி முதலீடு என்போம். அன்று அது ஒரு செல்வரின் ரசனை. பிடிலின் வரலாற்றில் பாலுசுவாமியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னையா முதலியாரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கோட்டை வாத்தியக் குழுவின் மெட்டுகள் அண்ணனின் செவியிலும் தங்கின. அவற்றில் சிலவற்றுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் பாடல் வரிகள் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்று குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் சுமார் 40 பாடல்கள் அவ்வாறு பிறந்தவை. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அம்பிகையைப் போற்றும் பாடலும் அவற்றுள் ஒன்று. இவை யாவும் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. ஐரோப்பியரின் மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே ஏழு சுரங்களைக் கொண்டவை. இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பிடிலின் நான்கு கம்பிகளைப் பார்ப்போம்.

மேற்கத்திய முறையில் வயலினின் கம்பிகள் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஜி, டி, ஏ, இ என்று கூட்டப்படுகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள உறவு நம் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு. தாழ்ந்த கம்பியை மந்தர சட்ஜம் என்று கொண்டால் அடுத்தது மந்தரப் பஞ்சமம். அதற்குப் பஞ்சமம் எதுவோ அது மூன்றாவது கம்பி. கணக்குப் போட்டால் அது மத்திய ஸ்தாயியின் சதுச்ருதி ரிஷபமாக வருகிறது. நான்காவது சதுச்ருதி தைவதம். அதாவது ஐரோப்பியரின் பிடில் நம் கணக்கில் ச, ப, ரி, த என்று நிற்கிறது.

சங்கராபரணத்துக்கு இதனால் இடையூறு இல்லை. இந்த நான்கும் அதற்குரிய சுரங்களே. எனவே நோட்டுஸ்வரங்களை வாசிக்கப் பிடிலின் பிரடையைத் தொடவே தேவையில்லை. சிக்கல் அடுத்த இராகத்தில் தொடங்குகிறது. சரளி வரிசை கற்கும் குழந்தை பாடும் மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்வோம். அதன் ரிஷபமும் தைவதமும் வேறு. அவை அரைச்சுரம் தாழ்ந்தவை. பிடிலின் மூன்றாம், நான்காம் கம்பிகளோ விரல் படாதபோதெல்லாம் அந்த இராகத்துக்கு ஆகாத சுரங்களை ஒலிக்கும். தோடியிலும் இதே தொல்லைதான். நம் இசையில் ரிஷபமும் தைவதமும் இராகத்துக்கு இராகம் நிலை மாறுபவை. மாறாதவை சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. மாறும் சுரங்களைத் திறந்த கம்பியில் கட்டிவைத்த ஒரு கருவி ஒரு சில இராகங்களுக்குள் அடைபட்டுப் போகும்.

இதற்கு விடை பாலுசுவாமியின் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து நின்றது. வீணை அந்தக் குடும்பத்தின் தாய்க்கருவி. அண்ணன் முத்துசுவாமி வைணிகர், பாலுசுவாமியும் வீணை கற்றவர். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் எனப்படும். அவற்றில் சட்ஜமும் பஞ்சமமுமே மாறி மாறி வருகின்றன. மாறும் சுரம் எதுவும் வீணையின் திறந்த தந்தியில் இல்லை. இதே விதியைப் பிடிலுக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? முதல் இரண்டு கம்பிகளின் உறவு ஏற்கெனவே ச-ப. ரிஷபமாக நிற்கும் மூன்றாவதை ஒரு முழுச்சுரம் இறக்கினால் மத்திய சட்ஜம். தைவதமாக நிற்கும் நான்காவதை ஒரு முழுச்சுரம் இறக்கினால் மத்திய பஞ்சமம். இரண்டு பிரடைகளைச் சற்றே தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். ச, ப, ச, ப என்ற இன்றைய கர்நாடகப் பிடிலின் சுருதி அமைந்துவிட்டது. தச்சன் தேவையில்லை, புதிய பட்டறை தேவையில்லை. இத்தாலியிலோ ஜெர்மனியிலோ செய்த பெட்டி செய்தபடியே இருந்தது.

இந்தச் சுருதியை மரபு பாலுசுவாமியின் பெயரோடு சேர்த்தே பேசுகிறது. மூன்று ஆண்டுகள் மேற்கத்திய முறையை முறையாகப் பயின்றுவிட்டு, பின் அதே கருவியில் நம் இராகங்களை வாசிக்க முனைந்த ஒருவர் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. இரு முறைகளும் கைவந்த ஒருவரால்தான் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர முடியும்.

விட்டதும் உண்டு. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்றொன்றின் மதிப்பு அது. மேற்கத்திய முறையில் தாழ்ந்த திறந்த கம்பிக்கும் உயர்ந்த திறந்த கம்பிக்கும் இடையே 21 அரைச்சுர இடைவெளி. புதிய முறையில் 19. எட்டும் எல்லை ஒரு முழுச்சுரம் குறைந்தது. மேற்கத்திய இசையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதற்கென வகுக்கப்பட்ட விரல் அமைப்புகளும் பயனற்றுப் போயின. வரவு அதைவிடப் பெரிது. கீழ் இரு கம்பிகளில் வாசித்த சங்கதியை மேல் இரு கம்பிகளில் அதே விரல்களால் வாசித்தால் அது ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்கும். விரல் ஒரு பாடத்தைக் கற்றால் இரண்டு ஸ்தாயிக்கும் அது போதும். அடிப்படைச் சுருதி எப்போதும் கருவிக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கும். பாடகரின் குரலுக்கேற்ப முழுவதையும் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். நமக்கு வேண்டியது கம்பிகளுக்கிடையே உள்ள உறவுதானே தவிர, நிலைத்த ஒலி உயரம் அன்று.

ஒரே கழுத்தில் இரண்டு சுருதிமுறைகளை வைப்பது என்பது உலகில் வேறு இடங்களிலும் எழுந்த கேள்வி. அமெரிக்கக் கண்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கித்தார் என்றொரு கருவி இருக்கிறது. மேசைபோல் கால்களில் நிற்கும். கலைஞர் அமர்ந்து, கம்பிகளின் மேல் எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிப்பார். இதில் இ-9 என்றும் சி-6 என்றும் இரண்டு சுருதிமுறைகள் நிலைபெற்றன. ஒன்று கண்ட்ரி பாட்டுக்கு, மற்றொன்று ஜாஸ் சாயலுக்கு. இரண்டும் வேண்டுமென்றவர்கள் கழுத்துக்குப் பத்துக் கம்பியாக இரண்டு கழுத்துகள் கொண்ட கனத்த கருவியைச் சுமந்தார்கள். பின்னர் சிலர் 12 கம்பிகள் கொண்ட ஒற்றைக் கழுத்தில் இரண்டையும் சேர்த்தார்கள். முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் இ கம்பிகள் அரைச்சுரம் இறங்கும். இ-9 ஆக இருந்தது பி-6 ஆகிவிடும். பி-6 என்பது சி-6 முறையையே அரைச்சுரம் கீழே வைத்தது. சில கம்பிகளை இறக்குவதால் ஒரு முறை மற்றொரு முறையாகிறது என்ற அதே கணக்குதான் பிடிலிலும் நடந்தது. வேறுபாடு இதுதான்: அவர்கள் இயந்திரத்தின் துணையோடு இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்; இங்கே கலைஞர் பிரடையைத் திருப்பி ஒன்றைத் தேர்ந்தார். இரு முறைகளும் தேவைப்படும் நம் வயலின் கலைஞர் இன்றும் பிரடையைத் திருப்பத்தான் வேண்டும், அல்லது இரண்டு வயலின்களை வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருதியோடு உடலின் நிலையும் மாறியது. நின்றபடி தோளுக்கும் தாடைக்கும் இடையில் பிடிலைப் பற்றுவது மேற்கத்திய வழக்கம். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் சுருள் முனையை வலது பாதத்தின் மேலும் தாங்கவைத்தார்கள். கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கை விடுபட்டது. கம்பியின் மேல் வழுக்கி ஓடும் சுதந்திரம் அதற்குக் கிடைத்தது. பிடிலில் மெட்டுகள் இல்லாததால் இரு சுரங்களுக்கு இடைப்பட்ட எந்தப் புள்ளியிலும் விரல் நிற்கும், அசையும். கமகம் உயிராக உள்ள இசைக்கு இதைவிட என்ன வேண்டும்? வீணையில் மீட்டிய நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். வில்லின் நாதமோ பாடகரின் மூச்சுப்போல் நீளும்.

ஆர்மோனியத்தின் கதையை இங்கே ஒப்பிடலாம். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த நாடக மேடையில் அதுவே அரசனாக வீற்றிருந்தது. ஆனால் அதன் கட்டைகளின் சுரம் செய்தபோதே உறைந்துவிட்டது; வாசிப்பவர் அதைத் தொட முடியாது. கமகத்துக்கு ஒவ்வாது என்ற வாதம் வலுத்து, 1940 முதல் சுமார் 30 ஆண்டுகள் அகில இந்திய வானொலியில் அதற்குத் தடை இருந்தது. அந்தத் தடை சரியா என்பது வேறு வழக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் பிடிலுக்கு எதிராக அப்படியொரு வாதம் எழ இடமே இல்லாமல் போனது. அந்நியக் கருவி என்பதால் ஒன்று தள்ளப்படுவதுமில்லை, கொள்ளப்படுவதுமில்லை. பயன்படுத்துபவர் அதன் உள்ளமைப்பில் கைவைக்க முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது. இயந்திரங்களையும் பாடத்திட்டங்களையும் உறை பிரிக்காமல் இறக்குமதி செய்து, பின் அவை நமக்குப் பொருந்தவில்லை என்று குறைப்படும் நாட்டில் இது இசைக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

பாலுசுவாமி எட்டயபுரம் வந்த கதை துயரத்தில் தொடங்குகிறது. தந்தை மறைந்த பின் சகோதரர்கள் தெற்கே வந்தார்கள். சின்னசுவாமி 1823-இல் மதுரையில் காலமானார். உடன்பாடிய சகோதரரை இழந்த பாலுசுவாமி மனம் நொந்து இராமேசுவரம் சென்றார் என்றும், அதன் பின் எட்டயபுர அரசரின் ஆதரவு அவருக்குக் கிட்டியது என்றும் குடும்ப வரலாறு கூறுகிறது. அரசர் அவரைச் சமஸ்தான வித்துவானாக்கினார், திருமணமும் செய்துவைத்தார். அந்தத் திருமணச் செய்தி கேட்டுத் தம்பியைக் காண வந்த வழியில், சாத்தூர்ப் பக்கம் வறண்ட நிலத்தைக் கண்டு முத்துசுவாமி அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்வித்தார் என்ற கதை கரிசல் காட்டில் இன்றும் உலவுகிறது. மழை பெய்ததோ இல்லையோ, அண்ணன் இவ்வூர் வரக் காரணம் தம்பிதான் என்பதை அந்தக் கதை நினைவில் வைத்திருக்கிறது.

ஒரு கரிசல் ஜமீன் இசைவாணர்களைத் தாங்கியது எப்படி? கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரத்தின் நிலம் விரிந்தது. 1803-இல் நிரந்தர வரித்திட்டம் வந்தது. பேஷ்குஷ் தொகை நிலையானதால், விளைச்சல் பெருகினால் மிகுதி ஜமீனுக்கே சேரும். கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடித் துறைமுகம் வாசல். அந்தத் துறைமுகம் 1825-இல் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பாலுசுவாமி எட்டயபுர அரண்மனைக்கு வருகிறார். இக்கரையின் முத்துக்குளிப்புக்கு உலகப் புகழ் இருந்தாலும், பார்களில் சிப்பி முற்றிய ஆண்டுகளில்தான் அது நடக்கும். இடையே பல ஆண்டுகள் வறண்டு போகும். பருத்தி ஆண்டுதோறும் வெடிக்கும். எட்டப்பன் என்ற பெயர் தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வசையை மாற்ற எனக்கு எண்ணமில்லை. ஆனால் அதே மரபினர் இசையறிந்தவர்களாக, தாமே பாடல் இயற்றியவர்களாக இருந்ததும், இரண்டு தலைமுறைத் தீட்சிதர்களுக்குச் சோறிட்டதும் வரலாறே.

பிடிலுக்கு முதன்மை யார் என்பதில் வேறு பெயர்களும் சொல்லப்படுகின்றன. தஞ்சை அரண்மனையில் அலுவல் வகித்த வராகப்பையர் ஒருவர். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு (1810 - 1847) மற்றொருவர்; சுவாதித் திருநாள் மன்னர் அவருக்கு 1834-இல் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்தார். வடிவேலு முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர் என்பதால் அந்தக் கிளையும் இதே மரத்தில்தான் வந்து சேர்கிறது. அவர் பாலுசுவாமிக்கு 24 ஆண்டு இளையவர். ஒரு நுட்பம் பக்குவப்படும்போது பல இடங்களில் ஒரே காலத்தில் தலைகாட்டுவது இயல்பு. எனவே இந்த வழக்கில் நான் உரத்துப் பேச விரும்பவில்லை.

பாலுசுவாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனை (1839 - 1906) மகனாகத் தத்தெடுத்துத் தாமே இசை கற்பித்தார். 1859-இல் அவர் மறைந்தபோது பேரனுக்கு வயது இருபது. அந்த இளைஞர் பின்னாளில் சுப்பராம தீட்சிதராகத் தாத்தாவின் இடத்தில் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். மேற்கத்தியக் குறியீட்டில் நம் இசையை எழுதி அச்சிட முனைந்த ஏ.எம். சின்னசாமி முதலியார், குடும்பத்தின் இசைச்செல்வத்தை வெளியிடும்படி அவரை வற்புறுத்தினார். எட்டயபுர அரசரின் பொருளுதவியில், அவ்வூரிலேயே நிறுவிய வித்யா விலாசினி அச்சகத்தில், 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் கமகக் குறிகளோடு அதில் உள்ளன. இசைவாணர்களின் வரலாறுகளும் அதில் உண்டு. மணலி முதலியார், கோட்டை வாத்தியக் குழு, மூன்றாண்டுப் பயிற்சி, எட்டயபுர அரசரின் ஆதரவு என்று பாலுசுவாமியைப் பற்றி இன்று நாம் பேசும் செய்திகள் பெரும்பாலும், தாத்தாவிடம் நேரில் பாடம் கேட்ட அந்தப் பேரன் அந்நூலில் பதிந்து வைத்தவை.